விவாக மஞ்சத்தில் அச்சம் எதற்கு?

அன்பும் அடக்கமும் அணிகலனாய்க் கொண்டு அவைத்தலைமை ஏற்றிருக்கும் ஆயர் ஐயா அவர்களே! அவருக்குத் துணையாய், எங்களுக்குத் தாயாய் நிற்கும் ஆயரம்மா அவர்களே! தாளடி அறுப்பை முடித்த கையோடு, கையிலிருக்கும் வைக்கோல் வாசம் போகுமுன்னே தேவாலயம் தேடி வந்திருக்கும் சபையின் மூப்பர்களே! மடியில் மழலையையும் மனத்தில் மலையையும் சுமந்து, மண் தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! மணமாலையின் ஈரம் இன்னும் காயாமல் முன்வரிசையில் வெட்கத்தோடு வீற்றிருக்கும் புதுத் தம்பதியரே! பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு, "இந்தம்மா எப்ப முடிப்பாங்க, பந்தி எப்ப போடுவாங்க" என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் வாலிபத் தம்பிகளே! பூதலூர் வட்டாரத்துப் பொன்மனம் படைத்த பெருமக்களே! உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் செம்மொழி என்ற இந்த டீச்சரின் அன்பான ஸ்தோத்திரம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'வேதம் காட்டும் இல்லறம்'. இனிமையான தலைப்பு. இனிப்பாகவே பேசிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் இந்தப் படியில் ஏறப் பயந்தேன். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் பேசியவள் நான். கூட்டத்தைக் கண்டு பயப்படவில்லை. பேசப்போகும் பொருளைக் கண்டு பயந்தேன்.

பயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பேய்க்குப் பயப்படுவதைப் பற்றியா? பிணிக்குப் பயப்படுவதைப் பற்றியா? பொய்த்துப் போகும் மழைக்குப் பயப்படுவதைப் பற்றியா? இல்லை ஐயா. கர்த்தரின் சந்நிதியில் கைப்பிடித்த கணவனுக்குப் பயப்படுவதைப் பற்றி. பகலெல்லாம் சிரித்துவிட்டு, பொழுது சாயச் சாயச் சருகாய்ச் சுருங்கும் ஒரு பெண்ணின் பயத்தைப் பற்றி.

என்ன ஐயா சொல்கிறீர்கள்? பிள்ளைகள் இருக்கிறார்களா? இல்லை. சிறு பிள்ளைகள் எல்லாரும் ஞாயிறு பள்ளி அறையில் பொம்மலாட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயரம்மா முன்பே ஏற்பாடு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் மட்டும்தான் இங்கே. தைரியமாக உட்காருங்கள்.

நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். பந்தலைப் பேசினோம். பந்தியைப் பேசினோம். பட்டுச்சேலையின் கரை எத்தனை விரற்கடை என்று அரை நாள் பேசினோம். ஆனால் முன்பின் பழகாத இரண்டு பேர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார்களே, அதைப் பேசினோமா? பெண்ணின் காதில் ஒரே ஒரு வாக்கியம் ஓதினோம்: "அவர் சொல்றபடி கேட்டு நடந்துக்க." பையனுக்கு அதுவும் இல்லை. அவனுக்குப் பாடம் நடத்தியது அவன் கையிலிருந்த போன். அந்த வாத்தியார் நடத்திய பாடத்தில் அன்பு உண்டா? அனுமதி உண்டா? அடுத்தவருக்கு வலிக்கும் என்ற அறிவாவது உண்டா?

வேதம் இதைப் பேச வெட்கப்படவில்லை. வெட்கப்படுவது நாம்தான். முதல் புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே ஒரு தோட்டம். அதில் ஓர் ஆண், ஒரு பெண். உடுத்த உடையில்லை, ஒளிக்க ஒன்றுமில்லை, ஒருவருக்கொருவர் கூச்சமுமில்லை. அந்த உடலைப் படைத்தவர் தேவன். இருவரும் ஒரே மாம்சமாகட்டும் என்று இணைத்தவர் தேவன். இணைத்துவிட்டு, நல்லது என்று கண்டவரும் அவரே. பயந்தேன் என்ற சொல் மனிதன் வாயில் முதன்முதலாக எப்போது வந்தது? விலக்கிய கனியைத் தின்ற பிறகு. அதுவரை அந்தத் தோட்டத்தில் பயம் என்ற களை முளைக்கவே இல்லை! அவன் உன்னை ஆளுவான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லப்பட்டதும் அதற்குப் பிறகுதான். பாவம் கொண்டுவந்த சாபத்தைக் கட்டளை என்று நினைத்துக் கட்டிக்கொண்டு அழுகிறோமே, இது நியாயமா?

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவளும் அவள் கணவரும் அனுமதி தந்த பிறகே சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவள் பெயர் எழில்மொழி என்று வைத்துக்கொள்வோம். முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண். அப்பா வைரக்கண்ணு, ஒரு காலத்தில் கூலிக்கு நாற்றுப் பறித்துப் பிறகு சொந்தமாய்க் கொஞ்சம் நிலம் வாங்கியவர். மகளை வேதியியல் படிக்க வைத்தார். வேதாரண்யத்தில் மாப்பிள்ளை. துரைராசு. உப்பளத்தில் மேற்பார்வை வேலை. குடியில்லை, புகையில்லை, கெட்ட சகவாசம் இல்லை. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவில் முன்னால் நிற்பார். அவர் குரல் எழும்பினால் கூரையே கும்மென்று அதிரும். "இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க எழில் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று ஊரே சொன்னது.

அந்த நல்ல மனிதருக்கு ஒரு வசனம் மனப்பாடம். மனைவியின் சரீரத்தின்மேல் அவளுக்கு அதிகாரமில்லை, அவள் புருஷனுக்கே அதிகாரம் என்கிற வசனம். முதல் இரவில், "எனக்குப் பயமா இருக்குங்க, இன்னிக்கு வேண்டாமே" என்று அவள் சொன்னபோது அந்த வசனத்தைச் சொன்னார். உடம்புக்கு முடியாத நாளிலும் சொன்னார். அழுத நாளிலும் சொன்னார். அடித்தாரா? இல்லை. வைதாரா? இல்லை. வசனத்தைச் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கணவனை எதிர்க்கலாம், கடவுளை எதிர்க்க முடியுமா?

மாமியார் ரெங்கம்மாளிடம் ஒரு நாள் வாய் திறந்தாள். "எல்லாம் பழகிடும் போ" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் அரிசி களையப் போய்விட்டார். தாய்வீட்டுக்குப் போன் போட்டாள். "மாப்பிள்ளை தங்கமானவரு. நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள் அம்மா. அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் தெருமுனையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கும் பாத்திரம் நடுங்கும்.

ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டு வாசலில் கணவன் வரும் சத்தம் காலன் வரும் சத்தமாய்க் கேட்குமென்றால், அந்த வீட்டின் சுவரில் தொங்கும் வேத வசனத்துக்கு என்ன பொருள்? கட்டிலுக்குமேல் மாட்டியிருக்கும் சிலுவைக்கு என்ன பொருள்?

கொஞ்சம் பொறுங்கள்... சரக்கு ரயில் போகட்டும். நம் பூதலூரில் பேச வருகிறவர்கள் ரயிலுக்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சரி, போய்விட்டது.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழைக்குப் பின்னால் புயல் வந்தது. அப்போது நான் வேதாரண்யம் பக்கத்தில் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கூடம்தான் முகாம். கடலோரக் குடும்பங்கள் எல்லாம் பாயும் பையுமாய் வந்து சேர்ந்தன. ஆண்கள் ஒரு கட்டடம், பெண்கள் ஒரு கட்டடம். பெண்கள் பக்கம் நான் பொறுப்பு. காற்று ஊளையிட்டது. தென்னை முறிந்தது. தகரம் பறந்தது. சன்னல் கதவைப் பெஞ்சு போட்டு அடைத்துவிட்டு, நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, "கர்த்தாவே, காப்பாற்றும்" என்று கதறினோம். அந்தக் கதறலுக்கு நடுவே ஒரு பெண் மட்டும் தூங்கினாள்! சுவரோரம் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பால் குடித்த குழந்தை போலத் தூங்கினாள். எத்தனை நாள் தூங்காதவளோ இவள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வானம் வெளுத்தது. தாலுகா அலுவலகத்து ஆட்கள் வந்து, வீடு நிற்கிறவர்கள் போகலாம் என்றார்கள். எல்லாரும் ஓடினார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் இரும்புக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உன் வீடு போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். ஒரு ஓடுகூட நகரலையாம். இப்பத்தான் சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். ஊரே வீடு போனதற்கு அழுத காலையில், வீடு நிற்கிறதே என்று ஒருத்தி அழுததை இந்தக் கண்ணால் பார்த்தேன்!

வாசலில் துரைராசு வந்து நின்றார். நனைந்த சட்டை, கவலை தோய்ந்த முகம். "எழில், வா, போகலாம்" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் என் தோலில் பதிந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கேன்னு சொல்லுங்க டீச்சர். கால்ல விழறேன்" என்று காதோடு கெஞ்சினாள். அந்தக் குரலில் இருந்த திகிலை நான் புயலில்கூடக் கேட்கவில்லை.

முகாமில் சமைக்க ஆள் போதவில்லை, இந்தப் பெண் இருக்கட்டும் என்று சொன்னேன். "கர்த்தரோட ஊழியம்தானே, இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் தலை மறைந்த பிறகுதான் அவள் என் மணிக்கட்டை விட்டாள்.

அடுப்படியில், புகைக்கு நடுவே, சிறுகச் சிறுகச் சொன்னாள். "அவரு நல்லவருதான் டீச்சர். எனக்குத்தான் பயம். வேண்டாம்னு சொன்னா பாவமாம். அந்தப் பாவத்துக்கும் பயமா இருக்கு, அவருக்கும் பயமா இருக்கு. எந்தப் பக்கம் போவேன்?"

எந்தப் பக்கம் போவேன்! தாய்மார்களே, இந்தக் கேள்விக்கு நீங்களும் நானும் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

அந்த வட்டாரத்துப் போதகர் இராஜாங்கம் ஐயா நிவாரண அரிசியோடு முகாமுக்கு வந்தார். எழில்மொழியின் சம்மதத்தோடு அவரிடம் சொன்னேன். அவர் துரைராசுவையும் ரெங்கம்மாளையும் அழைத்துவரச் சொன்னார். மின்சாரமில்லாத ஒரு மத்தியான வேளை. ஒரு காலி வகுப்பறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் நாங்கள் ஐந்து பேர்.

"தம்பி, எழில்மொழி வீட்டுக்கு வரப் பயப்படுது. ஏன்னு தெரியுமா?" என்று போதகர் கேட்டார்.

"பயமா? ஐயா, நான் ஒரு நாள்கூடக் கை ஓங்கினதில்ல. அவளையே கேளுங்க."

"கை ஓங்கல. சரி. எழில்மொழி வேண்டாம்னு சொன்னப்ப விட்டீங்களா?"

துரைராசுவின் முகம் கறுத்தது. "எங்க வீட்டு விஷயத்தை எதுக்கு ஐயா இங்க பேசணும்? நான் வெளியில போறவனா? என் மனைவிகிட்டதானே... வேதத்துலயே இருக்குதுங்களே, அவ சரீரம் அவளுக்குச் சொந்தமில்லைன்னு."

போதகர் தம்முடைய வேதப் புத்தகத்தை நீட்டினார். "அந்த இடத்தை எடுங்க தம்பி. அதுக்கு அடுத்த வரியை வாய்விட்டு வாசிங்க."

கூரையை அதிரவைக்கும் குரல் அது. வாசிக்கத் தொடங்கிய குரல் பாதியில் தேய்ந்தது. அப்படியே புருஷனுடைய சரீரத்தின்மேலும் புருஷனுக்கு அதிகாரமில்லை, அவன் மனைவிக்கே அதிகாரம் என்றல்லவா அங்கே இருக்கிறது! அதற்கும் அடுத்த வரியில், இருவரும் சம்மதித்து என்றல்லவா இருக்கிறது! பாதியை மனப்பாடம் செய்தவர் மீதியைப் பார்க்கவே இல்லை. பாதி வசனத்தைப் பிடுங்கி எடுத்தால் அது வேதமா, ஆயுதமா?

"உங்க சரீரத்து மேல எழில்மொழிக்கு அதிகாரம் இருக்கில்ல? அந்த அதிகாரத்தை வெச்சு 'வேண்டாம், தள்ளிப் படுங்க'ன்னு அது சொன்னா, யார் கீழ்ப்படியணும்?" என்று போதகர் கேட்டார்.

அவர் பதில் சொல்வதற்குள் ரெங்கம்மாள் எழுந்தார். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு மகனுக்கு எதிரே வந்து நின்றார்.

"ராசு, உங்கப்பா செத்த அன்னிக்கு நான் விழுந்து விழுந்து அழுதேனே, ஞாபகம் இருக்கா? ஊரே பார்த்துச்சு. துக்கத்துல அழுதேன்னு நினைச்சீங்க. இல்லடா. இனிமே பயமில்லாம படுக்கலாமேன்னு அழுதேன். இவ என்கிட்ட வந்து சொன்னப்ப எனக்கு என் காலம் ஞாபகம் வந்துச்சு. இவ வாய அடைச்சுட்டேன்."

தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல், துரைராசு மனைவியின் பக்கம் திரும்பினார். "எழில், உனக்கு என்னைப் பார்த்தா பயமா?"

"கல்யாணத்தன்னிலேர்ந்து" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. நீங்க வசனம் சொன்னீங்க."

அந்த மனிதர் வேதப் புத்தகத்தை மூடிவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நல்லவன் என்று நம்பி வாழ்ந்த ஒருவனுக்கு, தன் வீட்டில் தானே அந்தப் பயம் என்று தெரிய வருவதைவிடப் பெரிய பயம் உண்டா?

யாரோ கேட்கிறீர்கள்... கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா. "அப்ப புருஷனுக்கு உரிமையே இல்லையா?" நல்ல கேள்வி. மனதில் வைத்துக்கொண்டு போகாமல் எழுந்து கேட்டதற்கு நன்றி. ஐயா, தாம்பத்தியம் கணவன் மனைவி இருவருக்கும் கடமை என்று வேதம் சொல்கிறது. திருமணத்துக்கு வெளியே போகாதே, விவாக மஞ்சத்தை அசுத்தமாக்காதே என்று இருவருக்கும்தான் சொல்கிறது. ஆனால் கணவனுக்கு முன்மாதிரியாக யாரை நிறுத்துகிறது? தம்முடைய சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்துவை! அவர் தம் மணவாட்டியாகிய சபையின் உடலைப் பறித்தாரா? தம் உடலைக் கொடுத்தாரா? கொடுத்தவரைத் தலைவர் என்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பறிக்கிறோமே, அது அவருக்குப் பிடிக்குமா? மஞ்சம் அசுத்தமாவது அந்நியர் நுழைவதால் மட்டும்தானா? அச்சம் நுழைந்தாலும் அது அசுத்தம்தான் ஐயா! உட்காருங்கள்.

எழில்மொழி அன்று கணவரோடு போகவில்லை. அப்பா வைரக்கண்ணு வந்தார். வரும் வழியெல்லாம் ஊர் என்ன பேசும் என்று பயந்துகொண்டே வந்தவர், மகளின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுமே கேட்கவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றார். ஊர் பேசத்தான் செய்தது. படித்த திமிர் என்றது. பாவி என்றது. திருவிருந்துக்கு அவளை அனுமதிக்கலாமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். அவள் முன்னால் போய் முழங்காலிட்டாள். அந்த ஊர்ப் போதகர் அப்பத்தைக் கையில் கொடுத்தார்.

துரைராசு பின்னாலேயே வந்து கூப்பிடவில்லை. போதகர் இராஜாங்கம் ஐயாவிடம் போனார். வாராவாரம் போனார். தொடக்கத்தில் கோபமாய்ப் போனார். பிறகு அழுதுகொண்டு போனார். மாமனாருக்குப் போன் செய்து, "எழில் சாப்பிடுதா, தூங்குதா" என்று மட்டும் கேட்பார். அறுவடை முடிந்து அடுத்த நடவும் முடிந்த பிறகு ஒரு நாள், "வரச் சொல்லுங்கப்பா, பேசணும்" என்றாள் எழில்மொழி.

வந்தவரிடம் நின்றுகொண்டே பேசினாள். பாதியில் நிறுத்தவில்லையாம். "நான் வேண்டாம்னா வேண்டாம்தான். அது பாவம்னு இனிமே என்கிட்ட யாரும் சொல்லக் கூடாது. எனக்குத் தனி அறை வேணும். மறுபடியும் பயம் வந்தா, அப்பாவுக்குப் போன் பண்ணிட்டுக் கிளம்பிடுவேன். தடுக்கக் கூடாது."

"சரி" என்றார். ஊருக்குப் போய், அந்த அறைக் கதவின் உட்பக்கம் தம் கையாலேயே ஒரு தாழ்ப்பாள் பொருத்தினார். யோசித்துப் பாருங்கள்! தன்னை வெளியே நிறுத்தும் தாழ்ப்பாளைத் தானே முடுக்கிய கணவன்! வேதத்துக்குள்ளே ஒரு காதல் பாட்டு இருக்கிறது. அதில் வரும் காதலன் தலையெல்லாம் பனியில் நனைய வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். தட்டுகிறான், ஐயா, உடைக்கவில்லை! தாழ்ப்பாளில் இருப்பது காதலியின் கை.

எழில்மொழி போனாள். ரெங்கம்மாள் அந்த அறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். பல மாதம் அந்தத் தாழ்ப்பாள் விழுந்தே இருந்தது. ஒரு நாள் விழவில்லை. அதற்குமேல் அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவள் கை நடுங்குகிறதாம். அதனால் துரைராசு தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு, வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வருகிறார். தெருவில் சிரிக்கிறார்கள். அவர் உருட்டிக்கொண்டே வருகிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துரைராசு திருந்தினார். எல்லாரும் திருந்துவார்கள் என்று நான் உறுதி தர முடியாது. அவள் திரும்பிப் போகாமலே இருந்திருந்தாலும் கர்த்தர் அவளைக் கைவிட்டிருக்க மாட்டார். திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் இந்த மேடையிலிருந்து நான் சொல்ல மாட்டேன். பூரண அன்பு பயத்தைத் துரத்திவிடும் என்கிறது வேதம். பயத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு அதற்கு அன்பு என்று பெயர் சூட்டச் சொல்லவில்லை. அப்படிப் பூட்டிய வீடுகள் நம் சபையில் எத்தனை? நம் தெருவில் எத்தனை? எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னை உறங்கவிடாமல் உலுக்குகிறது. வெள்ளை உடையில், வேதப் புத்தகத்தோடு, வாய் நிறைய ஸ்தோத்திரத்தோடு, வயிற்றில் நெருப்போடு, யார் யார் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்களோ!

முன்வரிசைத் தம்பதியரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டும் என்று சொல்லவும் வெட்கப்படாதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் பயப்படாதீர்கள். இரண்டையும் காதால் கேட்கத் தெரிந்தவர்தான் கணவர். இரண்டையும் வாயால் சொல்ல முடிந்தவள்தான் மனைவி. உங்கள் கட்டில் தேவன் கொடுத்த பரிசு. அதில் களிகூருங்கள், கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமை காத்த பெருமக்களுக்கும், ஒரு பெண்ணை இந்தப் பொருளைப் பேச அழைத்த ஆயர் ஐயாவுக்கும், தலைக்குமேல் மின்விசிறி இல்லாமல் வேர்வையில் நனைந்த தாய்மார்களுக்கும், ஒலிபெருக்கித் தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இறங்குமுன் ஒரே ஒரு வேண்டுகோள். ஆயர் ஐயாவின் அனுமதி பெற்றிருக்கிறேன். ஜெபம் முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் எழுந்து வெளியே பந்திக்குப் போங்கள். முதலில் சாப்பிடுங்கள், நிதானமாகச் சாப்பிடுங்கள். பெண்கள் யாரும் எழுந்திருக்காதீர்கள். ஒருவர்கூட வேண்டாம். எல்லாரும் உட்கார்ந்தே இருங்கள். பேச வேண்டியவள் யார், சும்மா இருந்தவள் யார் என்று வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. ஆயரம்மாவும் நானும் இங்கேதான் இருப்போம்.

தம்பி, கடைசியாகப் போகிறவர் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

தாழ்ப்பாளை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். ஸ்தோத்திரம்.